அறுபத்தோராவது பாரம்

— நாப்பது பக்கம்க்கா! அந்தப் பொண்ணு செருப்பு மாட்டுறதுக்கு மட்டும் நாப்பது பக்கம். ஒரு கால் போட்டாச்சு, இன்னொரு கால் வார் அறுந்துருச்சு. நடுவுல அந்தச் செருப்பைத் தைச்ச ஆளோட தாத்தா கதை வேற. நானா இருந்தா வெறுங்காலோட கிளம்பிப் போயிருப்பேன்.

— மெதுவா பேசுடா. உள்ளதான் இருக்கார்.

— கதவு சாத்தித்தானே இருக்கு?

— சாத்தினது மட்டும் இல்ல. தாழ்ப்பாள் போட்டிருக்கு. நேத்து மத்தியானத்துல இருந்து.

— என்னக்கா சொல்றே? போன்ல இதைச் சொல்லவே இல்லையே. டூல் பையை எடுத்துட்டு வா, வரும்போது மாமாவோட நாவலைப் படிச்சு முடிச்சுட்டு வான்னு ஒரே மூச்சுல சொன்னே. ஏதோ ஜன்னல் கொண்டி லூசாயிருச்சுன்னு நினைச்சேன். மாமா! மாமா, நான்தான் வந்திருக்கேன்!

— பதில் வராது. மூச்சு விடுற சத்தம் கேக்குது, நாற்காலி கிறீச்சுங்குது, அவ்வளவுதான். வாசல்ல வெச்ச சோறு அப்படியே காஞ்சு கெடக்கு பாரு. அவரோட தூக்க மாத்திரை டப்பாவை நான் முந்தாநாளே எடுத்து அரிசி டின்னுக்குள்ள போட்டுட்டேன்.

— மாத்திரையை ஏன் ஒளிச்சு வெச்சே?

— ஏன்னு கேக்குறியே, உனக்குத் தெரியாதா? சாயங்காலம் கார் வருது. அஞ்சு மணிக்கு. பெரிய பரிசு, பெரிய மேடை. மாலை, சால்வை எல்லாம் வாங்கி வெச்சாச்சாம். இவர் என்னடான்னா சட்டை மாத்தக் கூட வெளிய வரல. நீ படிச்சியா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல.

— லாஜிக்கா பாருக்கா. நேத்து ராத்திரி போன் பண்ணி, இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள ஆயிரம் பக்கம் படின்னா எவன் படிப்பான்?

— உன் கையில குடுத்து ரெண்டு மாசம் ஆச்சு.

— ஆச்சு. நேத்து வரைக்கும் அது நான் ரிப்பேர் பாக்குற லிப்ட் ரூம்ல இருந்துச்சு. அங்க கதவு காத்துல படார் படார்னு அடிச்சுக்கும், அதுக்கு முட்டுக் குடுத்திருந்தேன். முறைக்காதே. மாமா எழுதினதுல இதுவரைக்கும் உருப்படியா ஒரு வேலை பாத்தது அந்தச் செங்கல்தான்.

— செங்கல்னு சொல்லாதே.

— ஊரே அப்படித்தான் சொல்லுது. பாராட்டுறவன் கூட அதைத் தலைமாட்டுல வெச்சுட்டுத் தூங்குறேன்னுதான் பாராட்டுறான், படிச்சேன்னு சொல்றது இல்ல. எங்க ஆபீஸ் மேனேஜர் ஒருத்தர், மாமா பேரைச் சொன்னதும் எழுந்து நின்னு கை குடுத்தார். எத்தனை பக்கம் சார் படிச்சீங்கன்னு கேட்டேன். இந்த மாதிரி நாவலைப் படிக்கக் கூடாது தம்பி, அதோட வாழணும்னார். அவர் வீட்டு ஷோகேஸ்ல அது பிளாஸ்டிக் உறையோட வாழுது, நானே பாத்தேன்.

— உனக்கு எல்லாம் விளையாட்டு.

— சரி, விளையாட்டு இல்ல. நேத்து நெஜமாவே உக்காந்தேன்க்கா. சத்தியமா. டீ போட்டு வெச்சுட்டு, போனை அணைச்சுட்டு உக்காந்தேன். ஒரு வரி ஆரம்பிச்சா பக்கம் திரும்பியும் முடிய மாட்டேங்குது. முற்றுப்புள்ளியைப் பாத்தா சொந்தக்காரனைப் பாத்த மாதிரி இருக்கு. ரெண்டு மாடிக்கு நடுவுல லிப்ட் நின்னு போச்சுன்னா உள்ள இருக்கிறவங்க எப்படிப் புலம்புவாங்கன்னு எனக்குத் தெரியும், அதேதான். அங்கங்க புரட்டிப் பாத்தேன். அந்தப் பொண்ணு வீட்டை விட்டு இறங்குது, செருப்பு மாட்டுது, பக்கத்து வீட்டுக்காரம்மா சாவியைத் தொலைச்சுட்டாங்கன்னு கூடவே தேடுது, தையக்கடைல நிக்குது, சாக்கடைல விழுந்த பூனைக்குட்டியை எடுக்குது. ஒரு தெரு. ஒரே ஒரு தெருவை வெச்சுக்கிட்டு ஆயிரம் பக்கம்! சர்வே ஆபீஸ்ல சங்கிலி போட்டு அளந்த மனுஷன்னா அதுக்காக ஒவ்வொரு லைட் கம்பத்தையுமா அளக்கணும்?

— அது நம்ம தெருடா.

— தெரியும்.

— அது நம்ம பாப்பா.

— தெரியும்க்கா. தெரியாமயா? அதனாலதான் முடியல. மூணு பக்கம் படிக்கிறேன், அவ சிரிப்பு காதுல கேக்குது. மூடி வெச்சுடறேன். பின்ன வேற என்ன பண்ணச் சொல்றே? பூனைக்குட்டியை எடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்து உன்கிட்ட அடி வாங்கினது அவதானே. நான்தானே அதுக்குப் பால் வாங்கிட்டு வந்தேன்.

— அழாதே. நீயும் அழுதா நான் எங்க போவேன்?

— அழல. விடு. சரி, இப்ப சொல்லு. பரிசு வாங்குற அன்னைக்கு மாமா ஏன் உள்ள போய் உக்காந்துக்கிட்டார்? புத்தகத்தை எவனும் படிக்கலைன்னா? அது எல்லா எழுத்தாளனுக்கும் இருக்கிற வியாதிதானே?

— புத்தகத்துல ஒரு பாரம் தப்பு.

— பாரம்னா?

— ஒரு பெரிய தாள்ல பதினாறு பக்கம் அடிச்சு, மடிச்சு எடுப்போம்டா. அந்த மடிப்புதான் ஒரு பாரம். இந்தப் புத்தகத்துக்கு மொத்தம் அறுபத்தி ரெண்டு. பைண்டிங்ல நீள மேசை போட்டு வரிசையா அடுக்கி வெச்சிருப்போம். பொண்ணுங்க நடந்துக்கிட்டே ஒவ்வொரு அடுக்குல இருந்தும் ஒண்ணு ஒண்ணா எடுத்து மேல மேல வெச்சுட்டு வருவாங்க. மேசை முடியும்போது கையில ஒரு புத்தகம் இருக்கும். என் வேலையைப் பத்தி ஒரு நாளாவது கேட்டிருக்கியா நீ?

— இப்ப கேக்குறேன். என்ன தப்பு?

— அறுபதாவது பாரம் ரெண்டு தடவை இருக்கு. அறுபத்தோராவது இல்ல.

— கடைசிக்கு முன்னாடி பதினாறு பக்கம் இல்லையா? உங்க பிரஸ்லயா? உன் கண் முன்னாடியா? சரி, எத்தனை காப்பில?

— எல்லாத்துலயும்.

— எல்லாத்துலயுமா! ஊர்ல ஒருத்தன் கூட இதைச் சொல்லலையா?

— அதைத்தானே சொல்றேன். ரெண்டு மாசமா ஒருத்தர் கேக்கல. பத்திரிகைல எத்தனை பக்கம் எழுதினாங்க, கூட்டம் போட்டு எத்தனை பேர் பேசினாங்க, ஒருத்தர் சொல்லலையே. ஒரே ஒருத்தர் அந்த எடத்தைத் தொட்டு எழுதியிருந்தார். அது இதை விடக் கொடுமை.

— என்னன்னு?

— பொண்ணு பூனைக்குட்டியை எடுக்குற அந்தத் தெருவை ரெண்டு தடவை நடக்குறாளாம். காலமே முன்னாடி நகர மறுக்குற எடமாம் அது. அதுக்கப்புறம் அவ கதையிலயே இல்லாம போயிடறாளாம். சாவை எழுதாமலே எழுதிக் காட்டின மேதைன்னு போட்டிருந்தார். அந்தப் பத்திரிகையை இவர் சுக்கு சுக்கா கிழிச்சார். அன்னைக்குத்தான் எனக்கு முதல் தடவையா பயம் வந்துச்சு.

— அடப்பாவி, பைண்டிங் தப்பை மேதாவித்தனம்னு எழுதிட்டானா! சிரிக்கிறதா அழறதான்னு தெரியலையே. ஏன்க்கா, மாமா பதிப்பாளர்கிட்ட ஒரு போன் போட்டுச் சொன்னா ஆச்சு. அடுத்த பதிப்புல சேர்த்துட்டுப் போறாங்க. இதுக்குப் போய் தாழ்ப்பாள் போட்டுக்குவாங்களா?

— அவர் சொல்லல. யார்கிட்டயும் சொல்லல. பதிப்பாளர் அட்டையைத் தவிர எதையும் படிச்சது இல்ல. புரூப் எல்லாம் இவரே பாத்தார், வேற ஒருத்தரைத் தொட விடல. அதனால அங்க என்ன இருந்துச்சுன்னு உலகத்துல இவருக்கு மட்டும்தான் தெரியும். அச்சாகி வந்த முதல் வாரம், ராத்திரி சாப்பிட உக்காந்தப்ப என்னைக் கேட்டார், நீ படிச்சியான்னு.

— நீ என்ன சொன்னே?

— படிச்சேன்னு சொன்னேன். முழுசாவான்னார். முழுசான்னேன். எல்லாம் வரிசையா இருந்துச்சான்னார்.

— ஐயோ.

— இருந்துச்சுன்னு சொன்னேன்டா. அவர் என் முகத்தையே பாத்தார். கைல எடுத்த சோறை அப்படியே தட்டுல வெச்சுட்டார். அன்னைல இருந்து பேச்சு குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. நேத்து பரிசுக்காரங்க போன் வந்ததும் உள்ள போனவர், கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு ஒண்ணே ஒண்ணு சொன்னார். ஒருத்தர் வேணும், ஒரே ஒருத்தர் வந்து, இங்க என்ன இருந்துச்சுன்னு கேட்டா போதும், நான் எழுந்து வந்துருவேன்னார்.

— ஓ. அதுக்குத்தான் என்னைப் படிக்கச் சொன்னியா?

— வேற யாரு இருக்கா எனக்கு? நீ போய்க் கேளு. மாமா, படிச்சுட்டு வந்தேன், பூனைக்குட்டித் தெரு ரெண்டு தடவை வருது, நடுவுல என்ன விட்டுப் போச்சுன்னு கேளு. காலைப் பிடிச்சுக் கேக்குறேன்டா.

— கேக்குறதுக்கு என்ன, கேட்டுடலாம். ஆனா அவர் சர்வேக்காரர், திருப்பி ரெண்டு கேள்வி போடுவார். பக்கத்து வீட்டு சாவி எங்க கிடைச்சுதுன்னு கேட்டா நான் என்ன சொல்வேன்?

— எங்க கிடைச்சுது?

— எனக்கென்ன தெரியும்? உனக்குத்தானே... நீயும் படிக்கலையா?

— படிக்கல.

— ஒரு பக்கம் கூடவா?

— முடியல சாமி, என்னைக் கேக்காதே. பத்து வருஷமா அந்த ரூம்ல உக்காந்து எழுதினார். நான் டீ கொண்டு போய் வெச்சுட்டு, தாளைப் பாக்காம திரும்பி வந்துருவேன். எதைப் பத்தி எழுதுறார்னு தெரியாதா எனக்கு? மழை, தெரு, காலைல அவ கிளம்புறது. அது எங்க போய் முடியும்னு தெரிஞ்சே எப்படிடா படிப்பேன்? பஸ்ஸு. அது கவுந்த பாலம்.

— சரி, சரி. உக்காரு. தண்ணி குடி. நீ படிக்க வேண்டாம், யாரும் உன்னைப் படிக்கச் சொல்லல. நான் நேரா கடைசிப் பக்கத்துக்குப் போய்ட்டேன் நேத்து, எப்படித்தான் முடிச்சிருக்கார்னு. அங்க பாலம் கீலம் ஒண்ணும் இல்லக்கா. ராத்திரி, மழை, புருஷனும் பொண்டாட்டியும் ஜன்னல்கிட்ட உக்காந்து குசுகுசுன்னு பேசிக்கிறாங்க. வீட்டு வாடகை, ஒழுகுற கூரைன்னு ஒண்ணுமில்லாத பேச்சு. அவ்வளவுதான், முடிஞ்சுது.

— துக்கத்துல குரல் எழும்பலைன்னு அந்த விமர்சகர் எழுதியிருந்தார்.

— இருக்கும். நல்லா முடிச்சிருக்கார் மாமா. நான் சும்மா கிண்டல் பண்றேனே தவிர, அந்தக் கடைசிப் பக்கம் நெஞ்சைப் பிசைஞ்சுது. சரி, இப்ப விஷயத்துக்கு வா. எனக்கு ஒண்ணு புரியல. அவருக்கு வேண்டியது ஒரு கேள்வி. நீ கதவைத் தட்டி, அங்க என்ன இருந்துச்சுங்கன்னு கேட்டா முடிஞ்சுதே! பொய் சொன்னதுக்கு ரெண்டு வார்த்தை திட்டுவார், வாங்கிக்கோ. அதுக்கு நான் எதுக்கு இத்தனை தூரம்?

— நான் கேக்க முடியாது.

— ஏன்?

— முடியாதுன்னா விடேன்.

— இரு. லாஜிக்கா பாப்போம். ஒரு காப்பில, பத்து காப்பில ஒரு பாரம் மாறிப் போகலாம். எல்லாக் காப்பியிலயும் எப்படிப் போகும்? அறுபதாவது ரெண்டு தடவைன்னா அதை ரெண்டு மடங்கு அடிச்சிருக்கணுமே. மெஷின் தானா ஓடுமா? யாராவது ஓட்டச் சொல்லியிருக்கணும்.

— டீ போடட்டுமா?

— அக்கா, என்னைப் பாரு. பைண்டிங் செக்சனுக்கு நீதானே பொறுப்பு?

— ஆமா.

— யார் ஓட்டச் சொன்னது?

— நான்தான்.

— அக்கா!

— கத்தாதே. மெதுவா. மடிச்ச பாரமெல்லாம் கட்டுக் கட்டா வந்துச்சுடா. அறுபத்தோராவது கட்டைப் பிரிச்சேன். பாக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன், வேலையாச்சே, மடிப்பு நேரா இருக்கான்னு பாக்கணுமே. மேல முதல் வரி கண்ணுல பட்டுருச்சு. நிறுத்தத்துக்கு அவள் வந்து சேர்ந்தாள்னு இருந்துச்சு. அந்த ஒரு வரிதான். கட்டோட தூக்கிட்டுப் போய் கழிவுத் தாள் மூட்டைல போட்டேன். மெஷின்காரர்கிட்ட அறுபதாவது நனைஞ்சு போச்சு, இன்னொரு தடவை ஓட்டுங்கன்னேன். மேசைல ஒரு இடம் காலியா இருந்தா பொண்ணுங்க கேப்பாங்க, அதனால அங்க அதையே அடுக்கி வெச்சேன். நடந்தாங்க, எடுத்தாங்க, தைச்சாங்க. யாரும் கேக்கல.

— அந்த மனுஷனோட பத்து வருஷம்க்கா.

— என் பொண்ணுடா! ஆயிரம் காப்பி. ஒவ்வொருத்தன் பக்கத்தைப் புரட்டும்போதும் அவ அந்த பஸ்ல ஏறணுமா? கொட்டாவி விட்டுக்கிட்டே ஒருத்தன் படிப்பான், டீ குடிச்சுக்கிட்டே ஒருத்தன் படிப்பான், எல்லார் கையிலயும் அவ திரும்பத் திரும்ப சாகணுமா? ஒரு தடவை போதும்னு நினைச்சேன். பூனைக்குட்டியோட தெருவுலயே நின்னுடட்டும். ரெண்டு தடவை நடக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்? என் கைல இருந்தது அவ்வளவுதான்டா. அன்னைக்கு அந்த பஸ்ஸை என்னால நிறுத்த முடியல. இந்தப் பாரத்தை நிறுத்தினேன்.

— சரி. சரிக்கா. அழு. நல்லா அழுதுடு. தப்போ சரியோ எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா இதை அவர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். நான் வேணா சொல்லட்டுமா?

— வேண்டாம். சொன்னா செத்துருவார். சொல்லலைன்னாலும்...

— உஷ். சத்தம் கேட்டுதா?

— என்ன?

— தாழ்ப்பாள். தள்ளி நில்லு. மாமா? மாமா, வாங்க. உக்காருங்க இப்படி. அக்கா, அந்த நாற்காலியைப் போடு.

— எந்த வரின்னு சொன்னே?

— ஏங்க, அவன்கிட்ட சும்மா ஏதோ...

— எல்லாம் கேட்டுது. கதவு மெல்லிசுதான். எந்த வரியைப் படிச்சே? நீ சொல்லு.

— நிறுத்தத்துக்கு... நிறுத்தத்துக்கு அவள் வந்து சேர்ந்தாள்.

— ம். அடுத்த வரி?

— படிக்கலைங்க. சத்தியமா அதுக்கு மேல படிக்கல.

— மாமா, அக்காவை இப்ப ஒண்ணும் கேக்காதீங்க. பாவம், அவ...

— திட்டறதுக்குக் கேக்கல மாப்ளே. அடுத்த வரி சின்ன வரி. நீ முற்றுப்புள்ளியே இல்லைன்னு குறைப்பட்டுக்கிட்டியே, இதுல ரெண்டே வார்த்தைதான். "பஸ் போயிருந்தது."

— என்ன?

— அவ வர்றதுக்கு முன்னாடியே பஸ் போயிருச்சு.

— மாமா... அப்ப அந்தச் செருப்பு வார்? அந்த சாவி, தையக்கடை...

— பின்ன எதுக்கு எழுதினேன்னு நினைச்சே? அளந்து பாத்தேன். வாசல்ல இருந்து நிறுத்தத்துக்கு நடந்தா கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்துக்குள்ள அவளை எப்படியாவது நிறுத்தி வெக்கணும். செருப்பை அறுத்தேன். சாவியைத் தொலைச்சேன். பூனையைச் சாக்கடைல தள்ளினேன். வரியை நீட்டினேன், எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு. புள்ளி வெச்சா அவ ஒரு எட்டு முன்னாடி போயிருவாளோன்னு பயம். படிக்கிறவங்களுக்குச் சிரமமா இருக்கும்னு தெரியும். அவ ஏறாம இருந்தா போதும்னு இருந்துச்சு எனக்கு. அதுக்குத்தான் ஆயிரம் பக்கம்.

— ஏங்க...

— அதைப் போய், சாவை எழுதாமலே எழுதினேன்னு எனக்கு சால்வை போடக் கூப்பிடறாங்க.

— ஏங்க, நான் கேக்குறேங்க. நானே கேக்குறேன். அந்தப் பதினாறு பக்கத்துல என்ன இருந்துச்சு? பஸ் போனப்புறம் அவ என்ன பண்ணினா?

— நனைஞ்சுக்கிட்டே திரும்பி வந்து கதவைத் தட்டுறா, நீதான் வந்து திறக்குறே, தலையைத் துவட்டி விடறே. கடைசிப் பக்கத்துல நாம குசுகுசுன்னு பேசிக்கிறது துக்கத்துல இல்லம்மா, உள்ள ரூம்ல அவ தூங்கிட்டிருக்கா.